கனவும் நோயும்: பௌத்த சிந்தனையும் மலையக வரலாறும்

மனமே யாவற்றுக்கும் முன்னோடி என்பது பௌத்தத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. இதுகொண்டு, கனவும் நோயும் மனத்தினின்றே தோன்றுவனவாகப் பௌத்தம் கூறுகின்றது எனச் சிலர் கருதுவர். பாளி நூல்களை நோக்கின் இக்கருத்து முழுமையற்றதென்பது புலனாகும்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மன்னன் மெனாண்டரும் நாகசேனரும் உரையாடுவதாக அமைந்த 'மிலிந்தபஞ்ஹ', கனவுக்கு ஆறு காரணங்களைக் காட்டும். வாதம், பித்தம், கபம் ஆகியவற்றாலாகும் கோளாறுகள் மூன்று; தெய்வத்தின் தூண்டல், பழக்கம், வருவதை உணர்த்தும் குறி என்பன ஏனைய மூன்று. இறுதியாகக் கூறியதே மெய்ப்படும் என்பர் நாகசேனர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் வாழ்ந்த புத்தகோசரின் பெயரால் வழங்கும் விநய உரையும் கனவின் காரணங்களுள் உடற்கூறுகளின் குழப்பத்தையே முதலில் வைக்கும்.

மனத்தின் பங்கினையும் பௌத்தம் மறுக்கவில்லை. அன்புநெறி பயின்றவன் இனிது துயில்வான், தீக்கனா காணான் என்று அங்குத்தர நிகாயம் கூறும். உடல்நோவு முதல் அம்பு. அதனையெண்ணி மனம் படும் துயர் இரண்டாம் அம்பு எனச் சங்யுத்த நிகாயம் உவமிக்கும்.

இவ்வுவமை மலையக வரலாற்றை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாளை எந்நாட்டில் என்ற ஏக்கம் லயன் அறைகளின் துயிலைக் கெடுத்திருக்குமெனின் வியப்பில்லை. அஃது இரண்டாம் அம்பு. எனினும், 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் இறப்பு வீதம் பெரிதும் உயர்ந்தமைக்கு மனத்தைக் காரணங்காட்ட இயலுமா? அது முதல் அம்பு. பசி எய்த அம்பு.

ஆளவி நகரில் பசித்து வந்த ஏழை உழவனுக்கு உணவளிக்கச் செய்த பின்னரே புத்தர் அறமுரைத்தார் எனத் தம்மபத உரை கூறும். தமிழ்ப் பௌத்தம் தந்த மணிமேகலையும் அமுதசுரபியேந்திப் பசிப்பிணி தீர்த்தவளே. மனத்தைப் பண்படுத்தும் அறிவுரை, முதல் அம்பைக் களையும் கடமையைத் தட்டிக்கழிக்கும் சாக்காகிவிடக் கூடாது. பௌத்தக் கனவு விளக்கம் உடலை முதலில் வைத்தமையினின்று நாம் பெறத்தக்க படிப்பினை இதுவே.