மனுவுக்குள் ஒரு மூதாதை: அமெரிக்க உள்நாட்டுப் போரின் இயலாமை ஓய்வூதியக் கோப்புகளை வாசித்தல்

1865இல் போர் முடிந்து ஊர் திரும்பிய, வடமாநிலங்களின் ஒன்றியப் படையைச் சேர்ந்த வீரன் ஒருவன் பதினைந்து ஆண்டுகள் நிலத்தை உழுகிறான், பிள்ளைகளை வளர்க்கிறான், அரசாங்கத்திடம் எதுவும் கேட்காமல் இருக்கிறான். 1880 ஜூனில் மனுப் போடுகிறான். முகாமில் பிடித்த வாதநோய் விடவில்லை, வயிற்றுப்போக்கு ஓயவில்லை, உழைக்க முடியவில்லை என்கிறான். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இத்தகைய கோப்புகள் ஏராளம். அப்படியொன்றை வரவழைத்துப் படிக்கும் கொள்ளுப்பேரன் தன் குடும்ப வரலாற்றில், “1880 வாக்கில் அவர் உடல்நிலை மோசமானது” என்று எழுதிவைப்பான். அதற்குக் கோப்பில் ஆதாரம் இல்லை. 1879 ஜனவரியில் நிறைவேறிய நிலுவைச் சட்டம், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளிலிருந்தே கணக்கிட்டு மொத்தத் தொகையைத் தர வகைசெய்தது. மாதம் 4 டாலர் மதிப்பிடப்பட்ட இயலாமைக்குக்கூடப் பதினான்கு ஆண்டு நிலுவை 672 டாலர் வரும். 1880 ஜூலை 1க்குள் மனுச் செய்தவருக்கே அந்தச் சலுகை. ஜூனில் அவன் மனுப் போட்டதற்குக் காரணம் அந்தக் கெடு.

இந்தக் கோப்புகளைப் பற்றி நான் வைக்கும் வாதம் இதிலிருந்தே தொடங்குகிறது. ஓய்வூதியக் கோப்பு ஒரு வழக்கின் கட்டு. அதிலுள்ள ஒவ்வொரு தாளும் குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு சட்டப் பிரிவின்கீழ், குறிப்பிட்ட ஓர் அலுவலரை இணங்கவைக்க எழுதப்பட்டது. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொந்தத் துயரம் அங்கே எப்படி ‘மேற்படி மனுதாரர்’ ஆகிறது என்பது தெரியும். ஆகவே மூதாதையின் கோப்பைத் திறப்பதற்கு முன் சட்டத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும், அதுவும் ஆண்டு வாரியாக. குடும்ப வரலாற்று ஆர்வலர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

1862 ஜூலை 14ஆம் தேதிச் சட்டம்தான் அடித்தளம். முழு இயலாமைக்குச் சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். உயர் அதிகாரிகளுக்கு 30 டாலர் வரை. நோயோ காயமோ பணியின்போது ஏற்பட்டது என்று நிரூபிக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நிலை. குண்டு துளைத்த தழும்பு தானே பேசும். முகாமின் ஈரத் தரையிலும் கெட்ட தண்ணீரிலும் வந்த நோய்க்குத் தழும்பு கிடையாது. மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் ஓர் அதிகாரியின் சாட்சியமோ, உடனிருந்த வீரர் இருவரின் சாட்சியமோ வேண்டும். இருபது ஆண்டு கழித்து அந்த இருவரைத் தேடிக் கடிதம் எழுதுகிறார்கள். ஒருவன் கான்சஸுக்குக் குடிபெயர்ந்திருக்கிறான், இன்னொருவன் ஒஹையோவிலேயே இருக்கிறான். படைக் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்து இளைஞர்களைக் கொண்டு திரட்டப்பட்டவை என்பதால், சாட்சி சொல்ல வந்தவன் பல நேரம் மைத்துனனாகவோ சித்தப்பா மகனாகவோ இருப்பான். வம்சாவளி தேடுபவருக்கு நோயின் பெயரைவிடச் சாட்சியின் கையொப்பம் அதிகப் பயன் தரும்.

பெரிய மாற்றம் 1890 ஜூன் 27 அன்று வந்தது. தொண்ணூறு நாள் படையில் இருந்து கண்ணியமாக விடுவிக்கப்பட்டவர், உடலுழைப்பால் பிழைக்க முடியாத நிலையில் இருந்தால், அந்த இயலாமை போரில் வந்ததா என்ற கேள்வியே இல்லாமல் மாதம் 6 முதல் 12 டாலர் வரை பெறலாம் என்றது புதிய சட்டம். தீய பழக்கத்தால் வந்ததாக மட்டும் இருக்கக் கூடாது. ஓய்வூதியம் பெறுவோர் தொகை 1893இல் 10 லட்சத்தை நெருங்கியது. அதுவரை ஒரே நோயைப் பற்றிக்கொண்டு வழக்காடியவர் இப்போது கண், காது, இதயம், மூட்டு, குடலிறக்கம், மூலம் என்று நீண்ட பட்டியலோடு வருகிறார். அவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. முன்பும் அவருக்குக் காது கேட்டிருக்காது. அதைச் சொல்வதால் பயனில்லாத காலம் அது. அதேபோல், குடியும் பால்வினை நோயும் கோப்பில் இல்லை என்பதால் அவை வாழ்வில் இல்லை என்றும் ஆகாது. எதைச் சொன்னால் வழக்குத் தோற்குமோ அதை எந்த மனுவும் தானாகச் சொல்லாது.

கோப்பிலேயே மிகவும் உருக்கமான தாள், என் பார்வையில், அரசு மருத்துவர் குழுவின் சான்றிதழ்தான். உயரம், எடை, நாடித்துடிப்பு, மூச்சின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். அச்சிட்ட மனித உருவத்தின் முன்புறத்திலும் பின்புறத்திலும் மருத்துவர் மையால் காயத்தின் இடத்தைக் குறித்திருப்பார். புகைப்படம்கூட மிஞ்சாத குடும்பத்துக்கு மூதாதையின் உடம்பைப் பற்றிய ஒரே சித்திரம் அதுவாக இருக்கும். அதைப் பார்த்து நெகிழ்வதில் தவறில்லை. ஆனால் கீழே எழுதியிருக்கும் பின்ன எண்ணையும் பார்க்க வேண்டும். இயலாமையைப் பதினெட்டில் இத்தனை பங்கு என்று மதிப்பிடுவது வழக்கம். ஒரு கையையோ பாதத்தையோ இழந்ததற்கு ஈடான நிலைக்குச் சட்டம் மாதம் 18 டாலர் வகுத்திருந்ததால் வந்த அளவுகோல் அது. ‘6/18’ என்பது டாலர் கணக்கு. உடம்பில் எத்தனை பங்கு பழுது என்பதற்கான மருத்துவ அளவீடாக அதை வாசிக்கக் கூடாது. இரண்டு ஆண்டு இடைவெளியில் அது 4/18இலிருந்து 8/18 ஆனால் நோய் இரட்டித்தது என்று எழுதிவிடுகிறோம். குழு மாறியிருக்கலாம், சட்டப் பிரிவு மாறியிருக்கலாம், மனுதாரர் வேறு வழக்குரைஞரிடம் போயிருக்கலாம்.

வழக்குரைஞரை மறந்துவிட்டுக் கோப்பைப் படிக்க முடியாது. ஒரு வழக்குக்கு 10 டாலர் கட்டணம் என்று சட்டம் வரம்பு வைத்திருந்ததால், நிறைய வழக்குகளை ஒரே அச்சில் நடத்தினால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். மூன்று சாட்சிகளின் பிரமாணப் பத்திரங்கள் ஒரே சொற்றொடரில் அமைந்திருந்தால் அது வழக்குரைஞரின் நடை. மூவரில் ஒருவர் மட்டும் இடையில், “அன்று என் குதிரையைக் கொல்லனிடம் கொண்டுபோயிருந்தேன், அதனால் நாள் நினைவிருக்கிறது” என்பதுபோல் ஏதாவது சொல்லியிருந்தால், அங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். வழக்குக்குத் தேவைப்படாத தகவலை யாரும் புனைய மெனக்கெடுவதில்லை. கோப்பின் நம்பகமான பகுதி பெரும்பாலும் இப்படி ஓரத்தில்தான் கிடக்கிறது.

வயதும் இதே கதைதான், கொஞ்சம் சிக்கலோடு. 1904இல் தியடோர் ரூஸ்வெல்ட்டின் நிர்வாகம் பிறப்பித்த 78ஆம் எண் ஆணை 62 வயதையே ஓர் இயலாமையாகக் கருதச் சொன்னது. 1907 சட்டம் அதை நேரடி ஏற்பாடாக்கியது: 62 வயதுக்கு 12 டாலர், 70க்கு 15, 75க்கு 20. அதுவரை யாரும் பொருட்படுத்தாத பிறந்த தேதிக்கு இப்போது பணமதிப்பு வந்துவிட்டது. பதினாறு வயதில் பதினெட்டு என்று சொல்லிப் படையில் சேர்ந்தவன், முதுமையில் அந்தப் பொய்யையே சான்றாகக் காட்டலாம், அல்லது அதை மறுத்து உண்மையைச் சொல்லி இரண்டாண்டு நட்டத்தை ஏற்கலாம். குடும்ப பைபிளில் பிறப்புகள் எழுதிய பக்கத்தைக் கிழித்தே வாஷிங்டனுக்கு அனுப்பியவர்கள் உண்டு. அந்தப் பக்கங்கள் இன்றும் கோப்புகளில் இருக்கின்றன. ஒரே மனிதருக்கு மூன்று பிறந்த ஆண்டுகள் கிடைத்தால் சராசரி எடுப்பதோ பழையதே சரி என்று முடிவுகட்டுவதோ முறையாகாது. ஒவ்வொரு தேதியும் அதைச் சொன்ன நாளில் சொன்னவருக்கு என்ன பெற்றுத் தந்தது என்று கேட்க வேண்டும். ஆதாயத்துக்கு எதிராகச் சொன்ன தேதியே வலுவானது.

இவ்வளவு சந்தேகப்பட்டால் கோப்பில் என்னதான் மிஞ்சும் என்று கேட்கலாம். மறுப்பு நியாயமானது. நோபல் பரிசு பெற்ற பொருளாதார வரலாற்றாளர் ராபர்ட் ஃபோகெல் தொடங்கிய ஆய்வுத் திட்டம், ஏறத்தாழ 40,000 ஒன்றியப் படைவீரர்களின் பதிவுகளை இந்தக் கோப்புகளையும் கொண்டு தொகுத்து முதுமையையும் நாள்பட்ட நோயையும் ஆராய்ந்தது. ஆயிரக்கணக்கில் சேர்க்கும்போது தனிக் கோப்பின் சாய்வை மற்றவற்றோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளப் புள்ளியியலுக்கு வழிகள் உண்டு. குடும்ப வரலாற்றாளரிடம் இருப்பதோ ஒரே கோப்பு. அவருக்குத் திருத்துகோல் சட்டத்தின் கால வரிசை மட்டுமே. என் சந்தேகம் கோப்பின் மதிப்பைக் குறைப்பதற்கானதும் அன்று. மனைவியின் கன்னிப்பெயர், மணநாள், முந்தைய மணம், உயிரோடிருக்கும் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் கேட்டு 1898இலும் 1915இலும் ஓய்வூதியத் துறை அனுப்பிய படிவங்களுக்கு இணையான குடும்பப் பதிவு அந்நாட்டில் அரிது. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீவிபத்துக்குப் பின் நமக்கு இல்லாமல் போய்விட்டது. அந்த இருபதாண்டு இருளில் பல குடும்பங்களுக்கு வெளிச்சம் தருவது 1890 சட்டம் பெருகச் செய்த மனுக்களே.

விதவைகளின் கோப்புகளுக்கு வரும்போது இந்த வாசிப்பு முறை அறநெறிக் கேள்வியும் ஆகிறது. மறுமணம் செய்தால் விதவை ஓய்வூதியம் நிற்கும். 1882 ஆகஸ்ட் 7ஆம் தேதிச் சட்டம், மணமின்றி வெளிப்படையாக ஓர் ஆணோடு வாழ்ந்தாலும் அது நிற்கும் என்றது. அதன் பேரில் சிறப்பு விசாரணை அலுவலர்கள் அக்கம்பக்கத்தாரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள்; சாட்சியின் நம்பகத்தன்மை பற்றித் தம் கருத்தையும் குறித்தார்கள். தன் கொள்ளுப்பாட்டியின் நடத்தையைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்துப் படிக்க நேர்ந்தவர், அதைக் குடும்ப வரலாற்றில் ‘உண்மை’ என்று ஏற்றிவிடும் முன், அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையை அலுவலருக்கு யார் கொடுத்தது என்று யோசிக்க வேண்டும். அவள் அங்கே விசாரிக்கப்பட்டவள். தன் தரப்பைத் தானே எடுத்துச் சொல்ல அவளுக்குக் கிடைத்த வாய்ப்பு மிகக் குறைவு.

அடிமைத்தளையிலிருந்து வந்த கருப்பின வீரர்களின் குடும்பங்களுக்கு இது இன்னும் கடுமையானது. ஏறத்தாழ 1,79,000 கருப்பினத்தவர் ஒன்றியத் தரைப்படையில் பணியாற்றினார்கள். அடிமைகளின் திருமணத்தைத் தென்மாநிலச் சட்டங்கள் அங்கீகரிக்கவில்லை. பதிவு இல்லை, சான்றிதழ் இல்லை. 1864 சட்டம் இதற்கு ஒரு வழி திறந்தது: கணவன் மனைவியாக இணைந்து வாழ்ந்ததையும் ஒருவரையொருவர் அவ்வாறே ஏற்றிருந்ததையும் காட்டினால் போதும் என்றது. ஆவணம் இல்லாத இடத்தில் மனிதர்கள் வந்து பேச வேண்டியிருந்தது. எந்தத் தோட்டத்தில் யாரோடு வளர்ந்தோம், எந்த உரிமையாளர் யாரை எங்கே விற்றார், கல்யாணத்தை யார் நடத்திவைத்தார் என்றெல்லாம் சாட்சிகள் சொன்னவை வேறெங்கும் எழுதப்படாதவை. வெள்ளையரின் கோப்பு பல நேரம் மெலிந்து, கருப்பினத்தவரின் கோப்பு தடித்து இருப்பதற்கு அரசின் அவநம்பிக்கையே முக்கியக் காரணம். அந்த அவநம்பிக்கையால் அவர்கள் மனுக்கள் அதிகம் தள்ளுபடியாயின. அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு இன்று கிடைக்கும் மிகச் சிறந்த மூலமும் அதே விசாரணைத் தாள்களாகவே இருக்கிறது. இதைச் சமாதானமாகச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. நடந்தது அது.

ஹாரியட் டப்மனின் கோப்பு இதற்குச் சரியான சான்று. போரில் அவர் செவிலியாகவும் ஒற்றராகவும் பணியாற்றினார். 1863 ஜூனில் தென் கரோலினாவின் கம்பாஹி ஆற்றுப் படையெடுப்பில் வழிகாட்டியாகச் சென்று 700க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலையாக உதவினார். ஆனால் 1890இல் அவர் ஓய்வூதியம் கேட்டது நெல்சன் டேவிஸின் விதவையாக. 1890 சட்டம் விதவைகளுக்கு வழி திறந்திருந்தது. பெண் ஒற்றருக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. 8ஆம் கருப்பினப் படைப்பிரிவில் சேர்ந்தபோது அவர் கணவர் தந்த பெயர் நெல்சன் சார்ல்ஸ். ஆகவே சார்ல்ஸும் டேவிஸும் ஒருவரே என்றும், தன் முதல் கணவர் ஜான் டப்மன் 1869 மணத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்றும் அவர் நிறுவ வேண்டியிருந்தது. 1895இல் மாதம் 8 டாலர் கிடைத்தது. தன் சொந்தப் பணிக்காக 1,800 டாலர் கேட்ட கோரிக்கை நிறைவேறவில்லை. 1899இல் நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் தொகையை 20 டாலராக உயர்த்தியபோதும் கணக்கில் வந்தது செவிலிப் பணிதான். டப்மனைப் பற்றி வேறெதுவும் தெரியாமல் விதவை மனுவை மட்டும் படிப்பவர், அவர் வாழ்ந்த ஆபர்ன் நகரத்து ஏழை மூதாட்டி ஒருவரையே காண்பார். நம் பெயரறியாத மூதாதையர் பலரை நாம் இப்படித்தான் கண்டுகொண்டிருக்கிறோம், சட்டம் கேட்ட கேள்வியின் அளவுக்கு மட்டும்.

கடைசியாக, கோப்பைக் கேட்டு எழுதுவோர் கவனிக்க வேண்டிய ஒரு நடைமுறை. வீரர் இறந்து விதவை மனுச் செய்தால் அவருடைய இயலாமைக் கட்டு விதவையின் கட்டோடு சேர்க்கப்பட்டது. பழைய எண்ணில் தேடி இல்லையென்று முடிவுசெய்யக் கூடாது. அட்டவணை அட்டையில் மனு எண்ணுக்கு ஒரு கட்டமும் சான்றிதழ் எண்ணுக்கு இன்னொரு கட்டமும் இருக்கும். இரண்டாவது வெறுமையாக இருந்தால் அந்த மனு ஏற்கப்படவில்லை என்று பொருள். பலர் அந்த அட்டையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் முதலில் வரவழைப்பது அந்த மனுவின் கோப்பைத்தான். எளிதாக ஏற்கப்பட்ட மனுவில் தாள்கள் குறைவாக இருக்கலாம். மறுக்கப்பட்டவர் மீண்டும் எழுதினார், புதிய சாட்சியைத் தேடினார், மேல்முறையீடு செய்தார், இறந்த பிறகும் அவர் மனைவி எழுதினாள்.