ஒசூர் சாலையின் மங்கல் குதிரைகள்

பெங்களூரின் பொம்மனஹள்ளியைக் குதிரையோடு சேர்த்து யாரும் நினைப்பதில்லை. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு விரையும் கம்பெனி பஸ்கள், தலைக்கு மேலே 2010இல் திறக்கப்பட்ட மேம்பாலச் சாலை: இவைதான் அதன் அடையாளங்கள். தனி நகரசபையாக இருந்த ஊர் 2007இல் பெங்களூரு மாநகராட்சியோடு இணைந்தது. ஆனால் அதன் நடுவே ஓடும் ஒசூர் சாலையில் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் தமிழ்நாட்டு எல்லையில் ஒசூரும், அதை ஒட்டி மத்திகிரியும் வருகின்றன. மத்திகிரியில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படை தன் குதிரைகளை வளர்த்துப் பழக்கியது.

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்ததும் ஒசூர்ப் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது. பெங்களூரில் தண்டு என்னும் படைக் குடியிருப்பு எழுந்தது. குதிரைப்படைக்கும் பீரங்கி வண்டிகளுக்கும் ஆண்டுதோறும் புதுக் குதிரைகள் தேவைப்பட்டன. கடலோர மாவட்டங்களின் வெக்கையும் ஈரமும் குதிரைக்கு ஆகாதவை. ஒசூரோ கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் அளவு உயரத்தில், மிதமான வெயிலும் பரந்த மேய்ச்சல் நிலமுமாக இருந்தது. அங்கே 1824இல் படைக்கான குதிரைப் பண்ணை அமைந்தது. அரபுக் குதிரைகளும், ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்ததால் ‘வேலர்’ என்று பெயர் பெற்ற குதிரைகளும் மதராஸ் படையில் சேவகம் செய்தன.

நூறு ஆண்டுக்குப் பின், 1924இல், பண்ணை கால்நடைத் துறையிடம் வந்தது. இன்று 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் ஒசூர் மாவட்டக் கால்நடைப் பண்ணையாக அது நடக்கிறது. மாடு, ஆடு, கோழிகளோடு குதிரை வளர்ப்பும் தொடர்கிறது. அங்கே வளர்க்கப்படும் இனங்களில் ஒன்று கத்தியவாரி.

குஜராத்தின் கத்தியவார் தீபகற்பம் இவ்வினத்தின் தாயகம். இரு காது நுனிகளும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்ப்பது முதல் அடையாளம். கருமையைத் தவிர மற்ற நிறங்களெல்லாம் இதில் உண்டு. வளர்ப்போர் தனியாக மதிப்பது ஒரு மங்கலான பழுப்பை. உடல் வெயிலில் வெளுத்த மண்ணைப் போலிருக்கும். பிடரிமயிரும் வாலும் கறுத்திருக்கும். முதுகெலும்பின் மேல் கழுத்திலிருந்து வால்வரை ஒரு கருங்கோடு ஓடும். கால்களில் குறுக்குப் பட்டைகளும் சிலவற்றில் தோளின் மேல் இன்னொரு கோடும் இருக்கும். ஆங்கிலேயர் இந்த நிறத்தை ‘டன்’ என்றார்கள்.

இந்தக் கோடுகள் சார்லஸ் டார்வினின் மேசை வரை போயின. இந்திய அரசுக்காக இவ்வினத்தை ஆராய்ந்த கர்னல் பூல் என்ற அதிகாரி அவருக்குச் செய்தி அனுப்பினார். கத்தியவாரில் கோடில்லாத குதிரையைத் தூய இனம் என்று யாரும் ஏற்பதில்லை. குட்டியில் கோடுகள் மிகத் தெளிவாக இருக்கும். வயதானால் சிலவற்றில் மறைந்தும் போகும். சாம்பல் நிறக் குதிரையும் கருமயிர் கொண்ட பழுப்புக் குதிரையும்கூடக் கோடுகளோடு பிறப்பதைப் பூல் கண்டிருந்தார். டார்வின் 1859இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் இந்தச் சாட்சியத்தை எடுத்தாண்டார். குதிரை, கழுதை, வரிக்குதிரை ஆகியவற்றுக்கெல்லாம் கோடு போட்ட ஒரே மூதாதை இருந்திருக்க வேண்டும் என்பது அவர் வந்தடைந்த முடிவு.

அவருக்கு மரபணு என்ற ஒன்று தெரியாது. கோடுகள் எப்படி வருகின்றன என்பதற்கு விடை வர ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 2015 டிசம்பரில், ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து லீஃப் ஆண்டர்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் டன் நிறத்தின் காரணத்தை வெளியிட்டார்கள். டிபிஎக்ஸ்3 என்ற மரபணு வளரும் மயிர்க்காலின் ஒரு பக்கத்தில் மட்டும் வேலை செய்து, நிறமி உண்டாக்கும் செல்களை அந்தப் பக்கம் அண்டவிடாமல் தடுக்கிறது. அதனால் ஒவ்வொரு மயிரிலும் ஒரு பாதிதான் நிறம் ஏறுகிறது. மறுபாதி வெறுமையாக நிற்கிறது. தூரத்திலிருந்து பார்க்கும்போது உடல் முழுதும் வெளிறித் தெரிகிறது. முதுகுக்கோட்டில் இந்தத் தடை இல்லை. அங்கே மயிர் முழுதும் நிறமி நிறைந்திருக்கிறது. கோடு கூடுதலாக வரைந்த மை அல்ல, மங்காமல் மிஞ்சிய இடம்.

  டன்தான் மூத்த நிறம். மங்கோலியாவின் காட்டுக் குதிரையான பிரசெவால்ஸ்கி இன்னும் அதே நிறத்தில் இருக்கிறது. மங்காத நிறங்களுக்குக் காரணமான மரபணு மாற்றங்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று மனிதன் குதிரையைப் பழக்குவதற்கு முன்பே தோன்றிவிட்டது. ஏறத்தாழ 43,000 ஆண்டுப் பழமையான ஒரு குதிரையின் எச்சத்தில் அது கிடைத்திருக்கிறது. அந்த வகை மாற்றம் உள்ள குதிரைகளில் உடல் அடர்ந்திருந்தாலும் மெல்லிய கோடு தெரிவதுண்டு. பழுப்புக் குட்டிகளிலும் கர்னல் பூல் கோடு கண்டதற்கு இது பொருந்தி வரும் விளக்கம்.

மங்கல் எல்லாம் டன் அல்ல. குதிரை வாங்குபவர் அடிக்கடி ஏமாறும் இடம் இது. ‘கிரீம்’ என்ற இன்னொரு மாற்றம் எஸ்எல்சி45ஏ2 மரபணுவில் இருக்கிறது. 2003இல் அது கண்டறியப்பட்டது. அதில் ஒரு பிரதி வந்தால் செம்பழுப்புக் குதிரை பொன்னிற உடலும் வெண்பிடரியுமாக ‘பலோமினோ’ ஆகும். கருமயிர்ப் பழுப்பு ‘பக்ஸ்கின்’ ஆகும். பக்ஸ்கினும் டன்னும் முதல் பார்வைக்கு ஒன்றுதான். முதுகில் தெளிவான கோடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் வேரோடு பிடுங்கிய பிடரிமயிரைச் சோதனைக்கு அனுப்பலாம். இரண்டு பிரதிகள் சேர்ந்தாலோ இளஞ்சிவப்புத் தோலும் வெளிர்நீலக் கண்ணும் கொண்ட பால்நிறக் குதிரை பிறக்கும். இரண்டு பலோமினோக்களை இணைத்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதிதான் பலோமினோ. கால் பங்கு செம்பழுப்பு, கால் பங்கு பால்நிறம்.

பெங்களூரு டர்ஃப் கிளப்பில் ஓடும் குதிரைகளிடம் டன்னைத் தேடிப் பயனில்லை. அவை தரோபிரெட் இனம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சில கிழக்கத்தியப் பொலிகுதிரைகளின் வழியாக உருவான அந்த இனத்தில் டன் மரபணு கிடையாது. கிரீமும் மிக அரிது. வேகத்துக்காகவே தேர்ந்தெடுத்து மூடிய பதிவேட்டுக்குள் வளர்த்த இனத்தில், தொடக்கத்தில் இல்லாத நிறம் பின்னால் நுழைய வழியில்லை.

கத்தியவாரியின் நிலை வேறு. அந்த நிறம் அதனிடம் இன்னும் இருக்கிறது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதக் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குக் கத்தியவாரியும் மார்வாரியும் நுக்ரா எனப்படும் வெள்ளைக் குதிரைகளும் வருகின்றன. வெள்ளைக்குக் கூட்டம் கூடுகிறது. பளிச்சென்ற நிறத்துக்கே இனச்சேர்க்கை நடந்தால் கோடுள்ள பெண்குதிரைகள் பின்னுக்குப் போகும். டன் மரபணுவின் ஒரு பிரதி போதும், குட்டியில் அது வெளிப்பட்டுவிடும். மறைந்து கிடந்து பிற்காலத்தில் தலைகாட்டுவது அதன் இயல்பல்ல. எனவே டன் குதிரைகளை இணைக்காமல் விட்ட மந்தையில் அந்த நிறம் தானாகத் திரும்பாது. ஒசூர் போன்ற அரசுப் பண்ணைகள் தங்கள் கத்தியவாரிகளில் எவற்றுக்குக் கோடு உண்டு என்று பதிந்து, அவற்றின் வழித்தோன்றலை இனச்சேர்க்கையில் தொடர்ந்து வைத்திருப்பது அவசியம்.