மாங்காய் கடல் கடந்த கதை

கிளமெண்டியில் எங்கள் வட்டார ஈரச்சந்தைக்குப் பிள்ளைகளுடன் செல்லும் பெற்றோர், ஒரே கனியின் பெயரை மூன்று விதமாகக் கேட்கலாம்: மாம்பழம், மங்கா, மேங்கோ. "மேங்கோவுக்குத் தமிழில் என்ன, ஆசிரியரே?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும் என்பேன். அது நம் பக்கத்திலிருந்து போன சொல்.

மரத்தின் பெயர் 'மா'. அதன்முன் காய் வந்தால் மாங்காய், பழம் வந்தால் மாம்பழம், தோப்பு வந்தால் மாந்தோப்பு. சில மரப்பெயர்களின்முன் வல்லெழுத்து வரும்போது அதன் இனமான மெல்லெழுத்து இடையில் தோன்றும் என்கிறது நன்னூல். தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் விதிதான். ஆயினும் 'மேங்கோ'வில் இன்றும் ஒலிக்கும் 'ங்' இப்புணர்ச்சியின் தடமே.

1498இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துக்கீசியர் இக்கனியை 'மாங்கா' என்றனர். கோவாவில் 1563இல் அச்சான கார்சியா டா ஓர்ட்டாவின் மருத்துவ நூலிலும் அது இடம்பெற்றது. அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. மலையாள வழியா, மலாய் வழியா என்பதில் அகராதிகள் வேறுபடுகின்றன. எவ்வழியாயினும் உள்ளிருப்பவை 'மா'வும் 'காயு'மே. (அரிசியிலிருந்து 'ரைஸ்' வந்தது என மின்னஞ்சலில் சுற்றும் செய்தி இன்னும் வாதத்துக்குரியது. அதனை வகுப்பில் உறுதியாகச் சொல்லாதிருப்பது நன்று.) கப்பலில் பழம் தாங்காது, இங்கிலாந்தை எட்டியது ஊறுகாய். ஆகவே வெள்ளரிக்காய் ஊறுகாயைக்கூட அங்கு ஒரு காலத்தில் 'மேங்கோ' என்றனர்!

மலாய்மொழியோ நம்மிடம் இரு சொற்களைப் பெற்றது. மாங்காய் 'மங்கா' ஆயிற்று. மாம்பழம் 'மெம்பெலம்' ஆயிற்று. கெடா, பினாங்குப் பகுதிகளில் அது சுருங்கி 'பெலம்' என வழங்குகிறது. ஆனால் காய், பழம் என்ற வேறுபாடு கடல் கடக்கவில்லை. பழுத்ததும் மங்காதான், பழுக்காததோ 'மங்கா மூடா', அதாவது இளைய மாங்காய்.

என் கவலை இவ்விடத்தில்தான். வடு, காய், செங்காய், பழம் எனப் பருவத்துக்கொரு பெயர் வைத்த மொழியைப் பேசும் நம் பிள்ளைகள், 'பச்சை மாம்பழம்' என்று எழுதத் தொடங்கியுள்ளனர். இலக்கணப் பிழை என்று சிவப்பு மையால் சுழித்துப் பயனில்லை. வடு ஊறுகாய்க்கு, காய் குழம்புக்கு, செங்காய் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன என்று நாக்கின் வழியே சொன்னால் மனத்தில் நிற்கிறது. அடுத்த முறை தேக்காச் சந்தைக்குச் செல்கையில், பச்சைக் காயொன்றைக் காட்டிப் பெயர் கேட்டுப் பாருங்கள். விடை தவறினால் கடைக்காரரே திருத்திவிடுவார்; அதற்குக் காசும் கேட்கமாட்டார்.