தெரிவுரிமையை வைத்திருப்பதா, கைமாற்றுவதா? ரொறன்ரோ ராப்டர்ஸ் அணியின் நான்கு முடிவுகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நெருங்கும்போது வட அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட அணிகளின் முன் ஒரே கேள்வி எழுகிறது. கையிலிருக்கும் தெரிவுரிமையைப் பயன்படுத்தி ஓர் இளம் வீரரை எடுப்பதா, அல்லது அந்த உரிமையை வேறோர் அணிக்குக் கொடுத்து, ஏற்கெனவே திறமையை நிரூபித்த ஒருவரைப் பெறுவதா?

எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரின் ராப்டர்ஸ் அணி, இரண்டு விதமாகவும் பதில் சொல்லிப் பார்த்த அணி. கைமாற்றியதால் ஒருமுறை சம்பியன் பட்டத்தை எட்டியது. இன்னொருமுறை கைமாற்றியதால் நல்லதொரு தெரிவை இழந்தது. அங்குள்ள பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொலைபேசியில் "டிராஃப்ட்" பற்றிப் பேசும்போது விளங்காமல் கேட்டுக்கொண்டிருப்போருக்கும் இந்தக் கட்டுரை உதவக்கூடும்.

டிராஃப்ட் என்றால் என்ன?

என்.பி.ஏ தொடரில் 30 அணிகள் உள்ளன. புதிய வீரர்களை அவை போட்டி போட்டு விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுதோறும் இரண்டு சுற்றுகளில், வரிசைப்படி ஒவ்வொருவராகத் தெரிவு செய்கின்றன. அதுதான் டிராஃப்ட். பலவீனமான அணிகளுக்கு வரிசையில் முன்னிடம் கொடுத்து, அணிகளுக்கிடையே சமநிலையைக் கொண்டுவருவதே இதன் நோக்கம்.

ஆனால் கடைசி இடத்துக்கு வந்த அணிக்கு முதலாவது தெரிவு உறுதியாகக் கிடைத்துவிட்டால், அணிகள் வேண்டுமென்றே தோற்கத் தொடங்கும். அதைத் தடுக்கவே குலுக்கல் முறை வந்தது. 2019 இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 'பிளேஓவ்' சுற்றுக்குத் தகுதி பெறாத 14 அணிகளும் குலுக்கலில் சேர்க்கப்பட்டு, முதல் நான்கு இடங்கள் தீர்மானிக்கப்படுகின்றன. மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்கும் முதலாவது தெரிவு கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம் மட்டுமே.

ஏன் இந்த உரிமைக்கு இவ்வளவு மதிப்பு?

முதலாவது காரணம் சம்பளம். முதற்சுற்றில் தெரிவாகும் வீரரின் சம்பளம் அவர் தெரிவான இடத்தைப் பொறுத்து ஏற்கெனவே வகுக்கப்பட்ட அளவில் அமையும். முதல் இரண்டு ஆண்டுகள் உறுதியானவை. மூன்றாம், நான்காம் ஆண்டுகளுக்கு அவரை வைத்திருப்பதா என்பதை அணியே தீர்மானிக்கும். என்.பி.ஏ இல் ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடும் தொகைக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால், நன்றாக ஆடும் இளம் வீரர் ஒருவர் நான்கு ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் இருப்பது பெரும் இலாபம்.

இரண்டாவது, இந்த உரிமையை முன்கூட்டியே கொடுக்கல் வாங்கல் செய்யலாம். ஏழு ஆண்டுகள் வரையான எதிர்காலத் தெரிவுகளைக் கைமாற்ற முடியும். ஆனால், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதற்சுற்றுத் தெரிவே இல்லாத நிலைக்கு எந்த அணியும் தன்னைத் தள்ளிக்கொள்ளக் கூடாது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன், தெரிவுகளை அள்ளிக் கொடுத்து அணியைச் சீரழித்ததால் வந்த விதி இது. இன்றும் அவருடைய பெயரிலேயே அழைக்கப்படுகிறது.

மூன்றாவது, கைமாற்றும்போது ஒரு பாதுகாப்பும் வைக்கலாம். "இந்தத் தெரிவு முதல் ஆறு இடங்களுக்குள் விழுந்தால் அது எமக்கே, அதற்குக் கீழே போனால் உங்களுக்கு" என்பது போன்ற நிபந்தனை அது. இனி ரொறன்ரோவின் கணக்குகளைப் பார்ப்போம்.

2012: கொடுத்து வாங்கிய தலைவன்

2012 ஜூலையில் ரொறன்ரோ, முதற்சுற்றுத் தெரிவொன்றையும் ஒரு வீரரையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்து கைல் லௌரியைப் பெற்றது. அந்த உரிமை பின்னர் ஒக்லஹோமா சிட்டி அணிக்குக் கைமாறி, 2013 இல் 12ஆவது தெரிவாக அமைந்தது. அதில் எடுக்கப்பட்டவர் ஸ்டீவன் அடம்ஸ். நீண்ட காலம் ஆடிய தரமான வீரர் அவர். ஆனாலும் ரொறன்ரோவுக்கு நட்டமில்லை. லௌரி ஒன்பது பருவகாலங்கள் அணியைத் தாங்கி, சம்பியன் அணியிலும் முதன்மை வீரராக இருந்தார்.

2018: வீட்டுப்பிள்ளையைக் கொடுத்த முடிவு

2017-18 பருவகாலத்தில் ரொறன்ரோ 59 ஆட்டங்களில் வென்றது. இருந்தும் பிளேஓவ் சுற்றில் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் கிளீவ்லாண்டிடம் தோற்றது. அந்த ஜூலையில் அணித் தலைமை நிர்வாகி மசாய் உஜிரி, டெமார் டீரோசன், ஜேக்கப் பேர்ட்டில், பாதுகாப்புடன் கூடிய 2019 முதற்சுற்றுத் தெரிவு ஆகியவற்றை சான் அன்ரோனியோவுக்குக் கொடுத்து, கவாய் லெனார்டையும் டனி கிறீனையும் பெற்றார்.

அபாயம் சிறியதல்ல. காயத்தால் லெனார்ட் முந்தைய பருவகாலத்தில் 9 ஆட்டங்களே ஆடியிருந்தார். ஓராண்டில் விலகிச் செல்லும் வாய்ப்பும் அவருக்கு இருந்தது. ஆனால் தெரிவுரிமையைப் பொறுத்தவரை கணக்கு தெளிவானது. அணி பலமானது, எனவே தெரிவு வரிசையின் கடைசிப் பகுதியிலேயே விழும். முதல் 20 இடங்களுக்குள் வந்தால் அது ரொறன்ரோவிடமே இருக்கும் என்ற பாதுகாப்பும் இருந்தது. அது 29ஆவது தெரிவாகவே போய், கெல்டன் ஜோன்சனை சான் அன்ரோனியோவுக்குக் கொடுத்தது. 2019 ஜூனில் ரொறன்ரோ கோல்டன் ஸ்டேற் அணியை 4-2 என வென்று, அமெரிக்காவுக்கு வெளியேயிருந்து பட்டம் வென்ற முதல் அணியானது. அடுத்த மாதமே லெனார்ட் விலகிச் சென்றார்.

2021: வைத்திருந்து பெற்ற பலன்

2020-21 இல் கொரோனா காலத்து எல்லைக் கட்டுப்பாடுகளால் ராப்டர்ஸ் சொந்த நகரில் ஆட முடியாமல், புளோரிடாவின் டாம்பாவில் தங்கி ஆடியது. 27 வெற்றி, 45 தோல்வி. குலுக்கலில் ஏழாவது இடத்திலிருந்து நான்காவது இடத்துக்கு உயர்ந்தது. அந்த உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பலர் எதிர்பார்த்த ஜேலன் சக்ஸை விட்டு ஸ்கொட்டி பார்ன்ஸை எடுத்தது. அவர் அந்தப் பருவகாலத்தின் சிறந்த புதுமுக வீரராகத் தெரிவானார். அணியின் அடுத்த காலகட்டம் அவரைச் சுற்றியே கட்டப்பட்டது.

2023: தன் நிலையைத் தவறாக எடைபோட்டபோது

2023 பெப்ரவரியில் ரொறன்ரோ, ஐந்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த அதே பேர்ட்டிலைத் திரும்பப் பெற்றது. விலையின் முக்கிய பகுதி, முதல் ஆறு இடங்களுக்கு மட்டும் பாதுகாப்புக் கொண்ட 2024 முதற்சுற்றுத் தெரிவு. அப்போது அணி மேலும் இல்லை, கீழும் இல்லை. அந்தப் பருவகாலம் 41 வெற்றி, 41 தோல்வி என முடிந்தது.

அந்தக் கோடையில் பிரெட் வான்வ்லீட் விலகினார். அடுத்த குளிர்காலத்தில் ஓ.ஜி. அனுனோபியும் பஸ்கால் சியாகமும் கைமாற்றப்பட்டனர். அணி 25 வெற்றிகளுக்குச் சரிந்தது. ஆறாவது மோசமான பதிவு என்பதால் தெரிவு தப்பிவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் குலுக்கலில் பின்னாலிருந்த இரண்டு அணிகள் முன்னே தாவ, அது எட்டாவது இடத்துக்கு இறங்கி சான் அன்ரோனியோவிடம் போய்ச் சேர்ந்தது. பேர்ட்டில் பயனுள்ள வீரர்தான். ஆனால், கலைக்கப்படவிருந்த அணிக்கு அவர் தேவைப்பட்டாரா என்பதே கேள்வி.

மற்றவர்களின் பாடம்

இதைவிடப் பெரிய எச்சரிக்கை புரூக்ளின். 2013 இல் அந்த அணி கெவின் கார்னெட், போல் பியர்ஸ் போன்ற மூத்த நட்சத்திரங்களுக்காக 2014, 2016, 2018 முதற்சுற்றுத் தெரிவுகளைப் பாதுகாப்பின்றி பொஸ்டனுக்குக் கொடுத்தது. 2017 இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. பலன் ஒரேயொரு பிளேஓவ் சுற்று வெற்றி. அதுவும் 2014 இல் ரொறன்ரோவுக்கு எதிராக. பின்னர் புரூக்ளின் சரிய, அதன் தோல்விகள் பொஸ்டனுக்கு வரவாகின. 2016 இல் ஜேலன் பிரவுண் வந்தார். 2017 இல் கிடைத்த முதலாவது தெரிவை பொஸ்டன் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து, மூன்றாவது தெரிவையும் இன்னொரு எதிர்கால முதற்சுற்றுத் தெரிவையும் வாங்கி, ஜேசன் டாட்டமை எடுத்தது. இந்த இருவரையும் முன்னிறுத்தி பொஸ்டன் 2024 இல் பட்டம் வென்றது.

வைத்திருப்பதும் உத்தரவாதமல்ல. 2006 இல் ரொறன்ரோ முதலாவது தெரிவில் எடுத்த அன்ட்ரேயா பார்னியானி எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. 2016 இல் 27ஆவது தெரிவில் எடுத்த சியாகம் நட்சத்திரமானார். அதே ஆண்டு எவராலும் தெரிவு செய்யப்படாத வான்வ்லீட் சம்பியன் அணியில் ஆடினார்.

எதைக் கேட்க வேண்டும்?

தெரிவு எந்த இடத்தில் விழும், வருபவர் எத்தனை ஆண்டு தங்குவார், பாதுகாப்பு எவ்வளவு என்பவை முதற்கேள்விகள். ஆனால் மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: அணி இன்று உண்மையில் எங்கே நிற்கிறது? 2018 இல் ரொறன்ரோ தன்னைச் சரியாக அறிந்திருந்தது. 2023 இல் ஆசையை நிலைமையாக எண்ணிக்கொண்டது. கைமாற்றியது இரண்டு தடவையும்தான். வித்தியாசம் இந்த எடைபோடலில்.

இந்தக் கணக்குகளில் எண்களாக வருபவர்கள் மனிதர்கள் என்பதும் மறக்கக்கூடாதது. ஒன்பது பருவகாலங்கள் ஆடி, ரொறன்ரோவிலேயே இருக்க விரும்பிய டீரோசனிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. தன் மனவருத்தத்தை அவர் வெளிப்படையாகவே சொன்னார். உஜிரியும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அடுத்த கோடையில் நகரம் கொண்டாடியபோது, அதன் விலையைச் செலுத்தியவர் சான் அன்ரோனியோவில் இருந்தார்.