நரம்பிசையும் பாதத் தாளமும்

அப்பலாச்சிய மலைப்பகுதியின் பழைய நரம்பிசையை இந்த நாட்டார் இசை விழா மலரைப் புரட்டுவோர் நன்கறிவர். ஆகவே பிடில், பாஞ்சோ அறிமுகத்தை விடுத்து, அந்த இசைக் குழுக்களில் முரசின் இடத்தில் நிற்கும் பாதத்தைப் பற்றியே எழுதுகிறேன். பிளாட்புட், கிளாகிங் என்னும் பாதத் தாள ஆட்டங்களை ஆடுபவரைப் பாட்டுக்கு அழகு சேர்க்க வந்தவர் என்று எண்ணுவோர் உண்டு. அவரும் ஒரு வாத்தியக்காரரே என்பது என் துணிபு.

தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே வந்த சட்டம், அவர்கள் முரசும் கொம்பும் வைத்திருப்பதைத் தடுத்தது. முரசைப் பறிக்கலாம், உடம்பைப் பறிக்க முடியுமா? கைகள் தொடையிலும் மார்பிலும் தாளம் தட்டின, குதிகால் தரையில் விடை சொன்னது. 'ஜூபா' என்னும் அந்த உடல் தாளமும், அயர்லாந்து, ஸ்காட்லாந்து குடியேறிகளின் அடவுகளும் மலைப்பகுதியில் கலந்தன. மேற்கு ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கை நரம்புக் கருவிகளின் வழிவந்த பாஞ்சோவோடு பிடிலும் அங்கே இணைந்து ஒலித்தது.

சமயத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பக்தியுள்ள வீடுகள் பல பிடிலைப் 'பிசாசின் பெட்டி' என்று ஒதுக்கின. ஆயினும் கருப்பின மக்களின் 'ரிங் ஷவுட்' வழிபாட்டில் பாதத்தின் தாளம் ஓயவில்லை. கால்களைக் குறுக்கே மாற்றினால் அது ஆட்டமாகிவிடும் என்று, பாதங்களைத் தரையில் உரசியபடியே வட்டமாக நகர்ந்து துதித்தார்கள். 150ஆம் சங்கீதத்தில் நடனமும் நரம்புக் கருவியும் ஒரே வசனத்தில் துதிக்கு அழைக்கப்படுகின்றன. உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகத் தாவீது அரசன் முழு பலத்தோடு ஆடினான். அதை இகழ்ந்த அவன் மனைவி மீகாளின் பக்கம் வேதம் நிற்கவில்லை. சபையார் சிலர் பிடிலையும் ஆட்டத்தையும் விலக்கிய காலத்திலும் இவ்வசனங்கள் அவர்கள் கையிலிருந்த அதே வேதாகமத்தில்தான் இருந்தன.

பிடிலும் பாஞ்சோவும் பாதத் தாளமும் சேர்ந்த இந்த மரபு நம் காலத்தில் கைமாறியதற்குச் சிறந்த சான்று கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு. வட கரோலினாவின் பூன் நகரில் 2005இல் கூடிய கருப்பினப் பாஞ்சோ மாநாட்டை ஒட்டி, ரியானன் கிடென்ஸ், டாம் பிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் ஒன்றுசேர்ந்தனர். மெபேன் ஊரில் ஜோ தாம்சன் என்ற பிடில் பெரியவரிடம் சென்று வாசித்து வாசித்தே கற்றார்கள். ஊர் ஆட்டங்களுக்கு வாசித்து வளர்ந்தவர் அவர். 1918இல் பிறந்து 2012இல் மறைந்தார். சீடர்களின் 'ஜெனுவின் நீக்ரோ ஜிக்' என்னும் இசைத்தொகுப்பு 2010இல் வெளிவந்து கிராமி விருது பெற்றது.

இவர்களிடம் டிரம் செட் இருந்ததில்லை. விரலிடுக்கில் இரண்டிரண்டாகப் பிடித்த எலும்புத் துண்டுகள் சடசடக்கும். ஜாடியின் வாயில் ஊதிய மூச்சு மந்தர சுரமாகும். பாஞ்சோ வாசிப்பவர் நகத்தின் முதுகால் நரம்பைக் கீழ்நோக்கி அடித்து, பெருவிரலால் குட்டை நரம்பைத் தட்டுவார். கிடென்ஸ் ஆட எழுந்தால், முழங்கால் தளர்ந்து, பாதம் தரையைவிட்டு அதிகம் எழும்பாமல், குதியும் நுனியும் அந்தத் தட்டுகளின் இடைவெளியை நிரப்பும். இதை வாசிப்பு என்றே சொல்ல வேண்டும்.

விழா நடத்துவோருக்கு என் விண்ணப்பம்: மேடைக் கம்பளத்தை அகற்றி ஆடுபவருக்கு மரப்பலகை இடுங்கள். அதனருகே ஒரு மைக் வையுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரையும் வாத்தியக்காரர் வரிசையிலேயே அச்சிடுங்கள்.