விகுதியின் வேலையைத் தொடர் செய்யும்போது: தமிழர் கற்கும் ஆங்கில உரையாடற்சொற்கள்

பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றில், ஊழியர் உணவகத்தில் பரிமாறும் வேலைக்கு இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஒத்துழைப்பதில்லை என்று அவர்கள்மீது குறை எழுந்தது. மேற்பார்வையாளரும் சொன்னார், சாப்பிட வந்த சரக்குத் தொழிலாளரும் சொன்னார்கள். கவனித்துப் பார்த்தபோது இரு தரப்பும் பேசிக்கொண்ட சொற்களே மிகக் கொஞ்சம் என்று தெரிந்தது. இறைச்சி வாங்கியவரிடம் குழம்பு வேண்டுமா என்று கேட்க, ஆங்கிலேயப் பணியாளர் ‘கிரேவி?’ என்று குரலை ஏற்றி முடிப்பார். தெற்காசியப் பெண்கள் அதே சொல்லைக் குரலை இறக்கி முடித்தார்கள். கேட்டவர்களுக்கு அது கேள்வியாகப் படவில்லை; ‘இது கிரேவி’ என்ற வெட்டான அறிவிப்பாகப் பட்டது. மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் 1982இல் வெளியிட்ட ‘டிஸ்கோர்ஸ் ஸ்ட்ராட்டஜிஸ்’ நூலில் இந்த நிகழ்வை ஆராய்ந்திருக்கிறார்.

அந்தப் பெண்களுக்குச் சொல் தெரிந்திருந்தது. பொருளும் தெரிந்திருந்தது. அந்தச் சொல்லைக் கொண்டு அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் இடைவெளி விழுந்தது. தமிழ்நாட்டு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்’ என்ற தலைப்பில் தரப்படும் சொற்பட்டியல்களை இந்த இடைவெளியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ரப்போ, எம்பதி, அசர்ட்டிவ், எலக்வென்ட், ஸ்மால் டாக், ஐஸ் பிரேக்கர் ஆகியவை பேச்சைப் பற்றிப் பேச உதவும் சொற்கள். பேசுவதற்கு உதவும் சொற்கள் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால், பட்டியலைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவரும் ஓர் எளிய வேண்டுகோளை இதமாக முன்வைக்க முடியாமல் நிற்கிறார். தமிழில் வினைவிகுதியும் உறவுமுறைச் சொல்லும் சுமக்கும் வேலையை ஆங்கிலத்தில் எந்தச் சொல்தொடர்கள் சுமக்கின்றன என்ற கேள்வியிலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சொற்பட்டியல் நம் வகுப்பறைக்குள் வந்த வழியும் கவனத்திற்குரியது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவருக்குப் பேச்சைவிட வாசிப்பே முதல் தேவை என்று 1926இல் வெளியான தம் ஆய்வில் வாதிட்டார். பெரும்பாலான பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள். விடும் நாளில் அவர்கள் கையில் எது மிஞ்சும் என்று அவர் கேட்டார். இதற்குக் காப்பீட்டுத் துறையின் ‘சரண்டர் மதிப்பு’ என்ற சொல்லையே எடுத்தாண்டார். அக்கறையோடு எழுப்பப்பட்ட கேள்வி அது. அதே வெஸ்ட் 1953இல் வெளியிட்ட சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுப்பயன் பட்டியல், எழுத்துநூல்களில் எடுத்த சொல்லெண்ணிக்கையின்மேல் எழுந்தது. அதாவது, ஆங்கில ஆசிரியர்கள் பல பத்தாண்டுகள் நம்பியிருந்த பட்டியல் வாசிப்பவருக்காக, வாசிப்பிலிருந்து திரட்டப்பட்டது. பேச்சைப் பெருமளவில் பதிவுசெய்து எண்ணும் கருவி அந்தக் காலத்தில் எளிதில் வாய்க்கவில்லை.

கருவி பின்னர் வந்தது. 1990களின் பிற்பகுதியில் நாட்டிங்காம் பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகமும் சேர்ந்து ‘கேன்கோட்’ என்ற பேச்சுமொழித் தரவகத்தை உருவாக்கின. கடையிலும் வீட்டிலும் வேலையிடத்திலும் மக்கள் இயல்பாகப் பேசியதை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கிய 50 இலட்சம் சொற்கள் அதில் உள்ளன. ரொனால்ட் கார்ட்டரும் மைக்கேல் மெக்கார்த்தியும் அதை ஆராய்ந்தார்கள். இருசொல் தொடர்களில் முதலிடம் பிடித்தது ‘யூ நோ’. மூன்றுசொல் தொடர்களில் முதலிடம் ‘ஐ டோன்ட் நோ’. ‘ஐ மீன்’, ‘ஐ திங்க்’ போன்றவையும் பட்டியலின் உச்சியில் இருந்தன. அகராதியில் பொருள் தேட யாரும் முனையாத சொற்கள் இவை. நம் பாடநூல்கள் இவற்றை அசைநிலை என்று ஒதுக்கிவிடும். ஆனால் எதிரிலிருப்பவரைத் துணைக்கு அழைப்பதும், சொன்னதைத் திருத்திக்கொள்வதும், கருத்தின் கடுமையைக் குறைப்பதும் இவற்றின் வழியேதான் நடக்கின்றன.

இத்தகைய தொடர்கள் தேவைப்படுவதற்கு நேரம் இன்னொரு காரணம். டான்யா ஸ்டிவர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 10 மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே கழிகிறது. ஒரே ஒரு சொல்லை மனத்தில் தேர்ந்து வாய்க்குக் கொண்டுவரவே அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். எனவே பேசுபவர், மற்றவர் முடிக்கும் முன்பே தம் பதிலை அமைத்துக்கொண்டிருக்கிறார். தமிழில் நினைத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி, இலக்கணத்தைச் சரிபார்த்துப் பேச முயலும் மாணவருக்கு அந்த இடைவெளி போதாது. அவர் வாய் திறக்கும்போது பேச்சு அடுத்தவரிடம் போயிருக்கும். ஆண்ட்ரூ பாலியும் ஃபிரான்சிஸ் சைடரும் 1983இலேயே சுட்டியதுபோல, சரளமாகப் பேசுபவர் பெருமளவுக்கு ஆயத்தத் தொடர்களை முழுதாக எடுத்து வைக்கிறார். ‘லெட் மீ திங்க்’ என்ற தொடர் நாக்கில் தயாராக இருந்தால் அது மாணவருக்கு ஒரு மூச்சு நேரத்தை வாங்கித் தரும். ‘எலக்வென்ட்’ அந்த உதவியைச் செய்யாது.

தமிழருக்குரிய சிக்கல் இனித்தான் வருகிறது. தண்ணீர் கேட்பதைப் பார்ப்போம். ‘தண்ணி குடு’, ‘தண்ணி குடுங்க’, ‘கொஞ்சம் தண்ணி குடுங்களேன்’, ‘அக்கா, கொஞ்சம் தண்ணி’. கேட்பது ஒன்றுதான். ஆனால் ‘ங்க’ வரும்போது மரியாதை ஏறுகிறது. இறுதி ‘ஏன்’ அதைக் கெஞ்சலின் விளிம்புவரை மென்மையாக்குகிறது. ‘கொஞ்சம்’ அளவைக் குறிப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் தொந்தரவைக் குறைத்துக் காட்டுகிறது. ‘கொஞ்சம் நகருங்க’ என்பவர் எத்தனை அங்குலம் என்று சொல்ல வரவில்லை. ‘அக்கா’ என்ற விளி வந்துவிட்டால் வினையே தேவைப்படுவதில்லை. ஏவல்வினையைக் கைவிடாமலே மரியாதையின் படிகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கத் தமிழ் இடம் கொடுக்கிறது.

ஆங்கில ஏவலில் ஒட்ட விகுதி இல்லை. மாணவர் ‘குடுங்க’வை ‘கிவ் மீ’ என்று மாற்றும் கணத்தில் ‘ங்க’ உதிர்ந்துவிடுகிறது. குறை அவருக்கே உறுத்துவதால் ‘ப்ளீஸ்’ சேர்க்கிறார். ‘கிவ் மீ வாட்டர், ப்ளீஸ்’ என்பது ஆங்கிலேயர் செவியில் இன்னும் கட்டளைதான். அவர்கள் சொல்வது ‘குட் ஐ ஹேவ் சம் வாட்டர்?’ இந்தச் சிறு வாக்கியத்தில் நடப்பவை பல. ஏவல் கேள்வியாகிறது. கொடுப்பவர் மறைந்து கேட்பவர் எழுவாயாகிறார். ‘கேன்’ இறந்தகால வடிவம் பூண்டு ‘குட்’ ஆகிறது. ‘சம்’ வந்து நம் ‘கொஞ்சம்’ செய்த பணியில் ஒரு பங்கைச் செய்கிறது. வேண்டுகோள் பெரிதானால் ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்’ என்று தொடர் நீளும். நடந்து முடிந்த எதையும் குறிக்காத இறந்தகாலம் இது. விலகி நின்று கேட்கும் பணிவைக் குறிக்கிறது. இறந்தகாலம் என்றால் கடந்துபோன நேரம் என்று மட்டும் படித்த மாணவர் இதை எப்படித் தானாக ஊகிப்பார்?

பெனலோப் பிரௌனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் கட்டுரையாகவும் 1987இல் நூலாகவும் வெளியிட்ட பணிவுக் கோட்பாடு, உலகெங்கும் இத்துறையின் அடிப்படை நூலாகப் படிக்கப்படுகிறது. அது மூன்று மொழிகளின் தரவுகளை முதன்மையாகக் கொண்டது: ஆங்கிலம், மெக்சிகோவின் மாயன் மொழியான செல்தால், கோவை மாவட்டக் கிராமத்துத் தமிழ். பிறர்மீது சுமை ஏற்றும்போது அதை ஈடுகட்டும் உத்திகள் எல்லா மொழியிலும் உண்டு, அவை கையாளும் கருவிகள்தான் வேறு என்று அவர்கள் வாதிட்டார்கள். நம் ஊர்ப் பேச்சின் நுட்பம் ஓர் உலகக் கோட்பாட்டுக்குச் சான்றாகியிருக்க, நம் ஆங்கில வகுப்பறை மட்டும் மாணவரின் தமிழை அழிக்க வேண்டிய பிழையாகப் பார்ப்பது வருந்தத்தக்கது. பணிவு அந்த மாணவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய பண்பு அல்ல. அது அவரிடம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. அதற்கான ஆங்கிலக் கருவிதான் தேவை.

கருவி மாறாமல் சொல் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மொழியியலாளர் ஜென்னி தாமஸ் 1983இல் ரஷ்ய மாணவர்களைக் காட்டினார். ரஷ்ய மொழியில் இசைவைக் குறிக்கும் சாதாரணச் சொல்லை அவர்கள் ‘ஆஃப் கோர்ஸ்’ என்று பெயர்த்தார்கள். அது நல்ல உணவகமா என்று கேட்டவருக்கு ‘ஆஃப் கோர்ஸ்’ என்ற பதில், இதுகூடத் தெரியாதா என்று கேட்பதுபோல் ஒலித்தது. தமிழர் தொலைபேசியில் கனிவோடு சொல்லும் ‘சொல்லுங்க’, ‘டெல் மீ’ ஆகும்போது இதுவே நிகழ்கிறது. தாமஸ் சொல்லும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இலக்கணப் பிழையைக் கேட்பவர் மொழிக்குறை என்று மன்னிக்கிறார்; இவ்வகைப் பிழையை ஆளின் குணமாகவே எடுத்துக்கொள்கிறார். உணவகப் பெண்கள் சுமந்த பழி இதுதான்.

நன்றி சொல்வதிலும் இடறல் உண்டு. மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1985இல் எழுதிய கட்டுரை, தென்னிந்தியச் சமூகத்தில் நன்றியுணர்வு உடனடி வாய்ச்சொல்லாக வராமல் மறைமுகக் குறிப்புகளிலும் பின்னாளைய கைம்மாறிலும் வெளிப்படுவதை ஆராய்கிறது. சோறு பரிமாறிய அம்மாவுக்கு ‘நன்றி’ என்றால் அவர் அந்நியமாக உணர்வார். ஆங்கிலத்திலோ பேருந்திலிருந்து இறங்கும்போதும் ‘தேங்க்ஸ்’. இங்கே மாணவர் கற்க வேண்டியது எங்கே, எத்தனை முறை என்பது. சொல்லை அவர் முதல் வகுப்பிலேயே கற்றுவிட்டார்.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். ஆங்கிலேயர் வழக்கை ஏன் அளவுகோலாக வைக்க வேண்டும்? சென்னை அலுவலகத்தில் தமிழரும் தெலுங்கரும் வங்காளியும் தமக்குள் பேசும் ஆங்கிலத்தில் ‘வாட் இஸ் யுவர் குட் நேம்?’ என்பது நிறைவான மரியாதை. மொழியியலாளர் பிரஜ் கச்ரு போன்றோர் வாதாடி நிலைநிறுத்திய இந்திய ஆங்கிலத்தின் உரிமை அது, அதைப் பறிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கம்பர்ஸ் பதிவுசெய்த உணவகத்திலும் கற்றவர்கள் பெண்கள் மட்டும் அல்லர். குரல் இறங்குவது அவர்களின் இயல்பான கேட்கும் முறை என்று மேற்பார்வையாளர்களும் அறிந்தார்கள். ஆயினும் பேச்சுப் பிசகின் விலையைப் பெரும்பாலும் அதிகாரம் குறைந்தவரே கொடுக்கிறார். அவருக்கு இரு வழக்கும் தெரிந்திருந்தால் எதைப் பேசுவது என்ற தேர்வு அவர் கையில் இருக்கும்.

வெளிநாடு செல்லும் செவிலியரிடம் இது தெளிவாகத் தெரிகிறது. பிரிட்டனில் பதிவுபெற ஏற்கப்படும் ஆங்கிலத் தேர்வுகளில் ஒன்றான ஓஇடி, நோயாளியாக நடிப்பவரோடு இரண்டு உரையாடல்களை நடத்தச் சொல்கிறது. 2018 முதல் உச்சரிப்பு, சரளம், இலக்கணம் ஆகியவற்றோடு நோயாளியிடம் உறவை அமைத்தல், அவர் பார்வையைப் புரிந்துகொள்ளுதல், தகவலை ஒழுங்குபடுத்தித் தருதல் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ‘எம்பதி’யின் பொருளை எழுதி இங்கே மதிப்பெண் பெற முடியாது. ‘தட் மஸ்ட் பி வொரியிங் ஃபார் யூ’ என்று சொல்லிவிட்டு நிறுத்தி, நோயாளி பேச இடம்விட வேண்டும். தமிழ்ச் செவிலியர் ‘பயப்படாதீங்கம்மா’ என்று தோளைத் தொட்டுச் சொல்வதை ‘டோன்ட் ஃபியர்’ என்று பெயர்த்தால் அது ஏவலாக நிற்கும். அந்த ‘ம்மா’ எங்கும் இடம்பெறாது.

கற்பிக்கும் முறைக்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை போன்ற இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய திட்டம், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, பொருளில் கவனம் செலுத்தும்போது மொழி தானே படியும் என்று காட்ட முயன்றது. உலகப் புகழ்பெற்ற அந்த முயற்சியின் மையம் தருக்கச் செயல்பாடு. மனிதரோடு மனிதர் பழகும் பேச்சுக்கு அதில் இடம் குறைவு. அந்த இடத்தை நிரப்பும் செயல்பாடுகளை இன்று ஒரு கைபேசியைக் கொண்டே அமைக்கலாம்.

மருந்துக்கடை, பேருந்து நிலைய விசாரணை, வங்கி முகப்பு ஆகிய இடங்களின் பேச்சை வகுப்பில் மாணவர்கள் தமிழிலேயே நடித்துப் பதிவு செய்யட்டும். அந்தப் பதிவில் ‘ங்க’, ‘கொஞ்சம்’, ‘ஏன்’, ‘பாக்கலாம்’, ‘அண்ணே’ எங்கெங்கே வருகின்றன, எடுத்துவிட்டால் என்ன கெடுகிறது என்று குறிக்கட்டும். பிறகு அதே காட்சியை ஆங்கிலத்தில் நடிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் ஒரு தொடரைத் தேடட்டும்: மறுப்பைத் தாமதிக்கும் ‘வெல்’லும் ‘ஐட் லவ் டு, பட்’டும், கேட்காதபோது வெட்டென விழும் ‘வாட்?’டுக்குப் பதிலாக ‘சாரி?’யும், உறுதிப்படுத்த ‘டு யூ மீன்’னும் அங்கே வரும். சொற்பட்டியல் வகுப்பின் முடிவில் மாணவர்களே எழுதுவதாக இருக்கட்டும். ஒவ்வொரு தொடருக்கும் எதிரே அது எந்தத் தமிழ் விகுதியின், எந்த விளியின் வேலையைச் செய்தது என்ற குறிப்போடு. தேர்விலும் பொருள் கூறுக என்ற வினாவுக்குப் பதிலாக, வேண்டுமென்றே பாதி புரியாதபடி பேசும் ஒருவர்முன் மாணவரை இரண்டு நிமிடம் அமரவைத்து, அவர் எப்படி மீண்டும் கேட்கிறார், எப்படிச் சரிபார்க்கிறார், எப்படி விடைபெறுகிறார் என்று பார்த்து மதிப்பெண் இடலாம்.