இராணிக்கெட் முதல் கோழிக்கூடு வரை

கிராமத்து வீடுகளில் பொழுது புலர்ந்ததும் நடைபெறும் முதல் வேலைகளுள் ஒன்று, கோழிக்கூட்டைத் திறந்து விடுவதாகும். பஞ்சாரத்தைத் தூக்கியதும் தாய்க்கோழி குஞ்சுகளை அழைத்துக்கொண்டு குப்பைமேட்டுக்கு ஓடும். வாத்துகள் வரிசையாகக் குட்டையை நோக்கி நடக்கும். ஒரு பிடி குருணையோ தவிடோ போட்டால் போதும். எஞ்சிய இரையைப் புழு, பூச்சி, சிந்திய தானியம் என்று அவையே தேடிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பார்த்து அடைத்துவிட்டால் அன்றைய பராமரிப்பு முடிந்தது.

இந்த வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. முட்டை விற்ற காசு அவர்கள் கையில் இருக்கும் சிறு சேமிப்பு. நோட்டுப் புத்தகம், மருந்துச் செலவு, திடீரென்று வந்த விருந்தாளிக்குச் சாப்பாடு ஆகிய எல்லாவற்றுக்கும் அதுவே கைகொடுக்கும்.

பருந்தையும் கீரியையும் விரட்டிவிடலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகைவன் உண்டு. முதலில் ஒரு கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கும், இரை எடுக்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். அடுத்து இன்னொன்று, பிறகு மற்றொன்று என்று ஒரு வாரத்துக்குள் கூடே காலியாகிவிடலாம். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு, கழுத்து திருகிக்கொண்டு நடக்கும். இதைத்தான் நம் மக்கள் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்கிறார்கள். அறிவியல் நூல்களில் இதற்கு இராணிக்கெட் நோய் என்றும், நியூகாசில் நோய் என்றும் பெயர். ஒரு நோய்க்கு இரண்டு ஊர்ப் பெயர்கள் வந்தது எப்படி?

புதிய நோய், பழைய குழப்பம்

1926ஆம் ஆண்டில் இந்த நோய் உலகின் இரு மூலைகளில் ஆராயப்பட்டது. ஜாவாத் தீவில் கிரானவெல்ட் என்பவர் அதை விவரித்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் துறைமுக நகரமான நியூகாசிலை அடுத்த ஒரு பண்ணையில் கோழிகள் மடிந்தன. அதை ஆராய்ந்தவர் டாயில் என்னும் கால்நடை மருத்துவ அறிஞர். பாக்டீரியாக்கள் புக முடியாத நுண்ணிய வடிகட்டியின் வழியே நோய்க் கிருமி கடந்து சென்றது. எனவே அது ஒரு வைரஸ் என்று தெரிந்தது.

ஆனால் கோழிகளைத் தாக்கும் வைரஸ் நோய் ஒன்று முன்பே அறியப்பட்டிருந்தது. இத்தாலியில் 1878ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட ‘கோழிக் கொள்ளைநோய்’ அது. இன்று நாம் பறவைக் காய்ச்சல் என்று சொல்வது அதையே. இரண்டும் ஒன்றுதானா? ஒரு நோயில் பிழைத்த கோழி மற்ற நோயைத் தாங்கி நிற்கிறதா என்று சோதித்துப் பார்த்தார்கள். தாங்கவில்லை. ஆகவே இது வேறு நோய் என்பது உறுதியாயிற்று. டாயில் இதற்கு ஊரின் பெயரையே சூட்டினார்.

இதற்கு அடுத்த ஆண்டே, நம் நாட்டில் குமாவோன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் நோய் காணப்பட்டது. அதே மலைப்பகுதியில் முக்தேசுவர் என்னுமிடத்தில் கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1889இல் புனாவில் தொடங்கி, 1893இல் முக்தேசுவருக்கு மாற்றப்பட்ட நிலையம் அது; இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் தாய்வீடு. அங்கிருந்த எட்வர்ட்ஸ் என்பவர் 1928இல் இதைப் பற்றி எழுதினார். நம் நாட்டில் இராணிக்கெட் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

முட்டைக்குள் பிறந்த மருந்து

வைரஸ் உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும். அதை எங்கே வைத்து வளர்ப்பது? 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உட்ரஃப், குட்பாஸ்ச்சர் என்னும் இருவர், கரு வளரும் கோழிமுட்டைக்குள் கோழி அம்மை வைரசை வளர்த்துக் காட்டினார்கள். முட்டையே ஆராய்ச்சிக் குடுவையாயிற்று!

முக்தேசுவர் நிலையத்தில் ஹேடோவும் இத்னானியும் இந்த வழியைப் பின்பற்றினர். இராணிக்கெட் வைரசை ஒரு முட்டையிலிருந்து மற்றொரு முட்டைக்கு என்று பலமுறை மாற்றி வளர்த்தபோது, அதன் கொடுமை தணிந்தது. 1940களில் அதைக் கோழிகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டார்கள். அந்த வகை வைரஸ் உலகெங்கும் ‘முக்தேசுவர் வகை’ என்றே அறியப்படுகிறது. இளங்குஞ்சுகள் இந்த ஊசியைத் தாங்கமாட்டா. ஆகவே ஆறு, எட்டு வாரம் கடந்த கோழிகளுக்கே இதைப் போடுவர். குஞ்சுகளுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடும் இன்னும் மென்மையான மருந்துகள் பின்னர் வந்தன.

மருந்து கிடைத்துவிட்டது, நோய் ஒழிந்திருக்க வேண்டுமல்லவா? பெரிய பண்ணைகளில் அது பெரிதும் அடங்கியது. கொல்லைப்புறத்தில் அடங்கவில்லை. ஏன்?

மருந்து ஏன் வீட்டுக்கு வரவில்லை?

முதற்காரணம் வெப்பம். சாதாரணத் தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து கிராமம் வரை எங்காவது அந்தக் குளிர் விட்டுப்போனால் மருந்து வீணாகிவிடும்.

இரண்டாவது, அளவு. ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் செலவழித்தாக வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் என்ன செய்வார்?

மூன்றாவது, நேரம். மருத்துவர் ஊருக்கு வரும் பகல் வேளையில் கோழிகள் கூட்டில் இரா. மேயும் நாட்டுக்கோழியைப் பிடிப்பது எத்தனை கடினம் என்று துரத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான்காவது, நோய் பரவும் விதம். ஒரு கோழி சுணங்கியதும் மற்றவற்றையாவது காசாக்குவோம் என்று சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். வைரசும் கூடவே பயணம் செய்கிறது. வாத்துகள் மற்றொரு புதிர். அவற்றுக்கு இந்த நோய் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் வெளியே நலமாகத் தோன்றும் வாத்தும் உடலில் வைரசைச் சுமந்து, எச்சத்தின் வழியே வெளியேற்றக்கூடும். ஒரே தொட்டியில் நீர் அருந்தும் கோழிக்கு இது போதாதா?

வெப்பம் தாங்கிய வைரஸ்

தீர்வு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1966இல் அங்கே குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், நலமாக இருந்த கோழிகளிலேயே தீங்கு செய்யாத ஒரு நியூகாசில் வைரஸ் கண்டறியப்பட்டது. வி-4 எனப்பட்ட இந்த வகையிலிருந்து, வெப்பத்தை நன்கு தாங்கும் வைரஸ்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1980களில் மலேசிய அறிவியலார் அதைத் தீவனத்தின்மேல் பூசிக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பிடிக்கவும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்!

நல்ல எண்ணம்தான், ஆயினும் எல்லா ஊர்களிலும் அது பலிக்கவில்லை. சில தானியங்கள் வைரசையே செயலிழக்கச் செய்தன. கண்ணில் ஒரு சொட்டு விடுவதே நம்பகமான வழி என்று தெரிந்தது. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பிராட்பிரௌ, வெப்பம் தாங்கும் ஐ-2 என்னும் மற்றொரு வகையை உருவாக்கினார். அதன் மூல வித்து வளரும் நாடுகளுக்கு விலையின்றி வழங்கப்பட்டது. மொசாம்பிக், தான்சானியா, வியட்நாம் போன்ற நாடுகளில் அவர்களே மருந்து தயாரித்தார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை, கோழிகள் கூட்டில் இருக்கும் அதிகாலையிலோ அந்தியிலோ, பயிற்சி பெற்ற ஊர்க்காரரே வீடு வீடாகச் சென்று சொட்டு மருந்து விடலானார்.

நம் மாநிலத்திலும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், நாட்டுக்கோழிகள் இரையோடு உண்ணக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியுள்ளது. கால்நடை பராமரிப்புத் துறையினர் கிராமங்களில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்களும் நடத்துகின்றனர்.

நாம் செய்ய வேண்டியவை

முக்தேசுவரில் மருந்து பிறந்ததற்கும், வீட்டுக்கோழிக்கு ஏற்ற மருந்தைத் தேடத் தொடங்கியதற்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன. அந்த நாற்பது ஆண்டுகளில் பற்றாக்குறையாக இருந்தது வைரசைப் பற்றிய அறிவு மட்டுமன்று. கூடு எப்போது திறக்கிறது, எப்போது அடைகிறது, கோழி யாருடையது என்பனவும் ஆராய்ச்சிக்குரிய செய்திகளே என்ற எண்ணமும்தான்.

உங்கள் வீட்டில் கோழி வளர்த்தால் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். தடுப்பு மருந்து நோய் வருவதற்கு முன் கொடுக்க வேண்டியது. வந்த பின் பயன் தராது. புதிதாக வாங்கிய கோழியையும் வாத்தையும் இரண்டு வாரமாவது தனியே வையுங்கள். இறந்த கோழியைக் குப்பையில் எறியாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்கள். நோயுற்றதைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மாணவர்களே, உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் கோழியும் வாத்தும் இருக்கின்றன, அவற்றுள் எத்தனைக்குத் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டுள்ளது என்று ஒரு மாலை வேளையில் கணக்கெடுங்கள். அந்தத் தாளை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். தெரு முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து கிடைத்தால், திறந்த குப்பியில் ஒரு சொட்டும் வீணாகாது.